இருபது நிமிடத்தில் என்ன மாறியது? தொடரின் ஒரு பகுதியைத் தனியே மதிப்பிடுவது பற்றி

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றித் தமிழில் நாள்தோறும் நிறையவே எழுதப்படுகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு கதையைத் திருப்பிச் சொல்வதுதான். நேற்று யார் யாரை வீட்டை விட்டுத் துரத்தினார்கள், எந்த உண்மை யாருக்குத் தெரிந்தது, நாளை என்ன நடக்கும் என்று வரிசையாக எழுதிவிட்டால் கட்டுரை முடிந்துவிடுகிறது. அந்த ஒரு நாளின் பகுதி நன்றாக அமைந்ததா, அமையவில்லை என்றால் குறை கதையிலா, வசனத்திலா, படத்தொகுப்பிலா, நடிப்பிலா என்ற கேள்விகளை எழுப்புகிற எழுத்து மிகக் குறைவு. திரைப்படத்துக்கு விமர்சனம் எழுதுவதில் நமக்கு நீண்ட பழக்கம் உண்டு. தொடரின் தனிப் பகுதிக்கு விமர்சனம் எழுதும் பழக்கம் இன்னும் வேர்பிடிக்கவில்லை.

வேர்பிடிக்கவில்லை என்பது எழுத்தில்தான். பேச்சில் அது எப்போதோ வந்துவிட்டது. கொங்கு நாட்டில் சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் போன்ற விசைத்தறி ஊர்களில், மாலைப் பொழுதில் வீட்டு வேலையோடு வேலையாக நாடகம் பார்க்கிற பெண்களிடம், முந்தின நாள் பார்க்கத் தவறியவர் ஒருவர் "நேத்து என்னாச்சுங்?" என்று கேட்டால், "ஒன்னும் ஆகுலீங், வந்தாங்க, நின்னாங்க, மொறச்சாங்க, தொடரும் போட்டுட்டான்" என்று பதில் வரும். இந்தப் பதிலைக் கிண்டல் என்று தள்ளிவிட முடியாது. ஒரு பகுதிக்கு ஏதோ ஒன்று 'ஆக' வேண்டும், ஆள்கள் வந்து நிற்பதும் முறைப்பதும் அந்த ஆவதில் சேராது என்கிற தெளிவான அளவுகோல் அதற்குள் இருக்கிறது. எழுதப்படும் விமர்சனம் இந்த அளவுகோலைத்தான் கைக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு முன், அந்த இருபது நிமிடம் எந்த நெருக்கடிகளுக்குள் உருவாகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. தூர்தர்ஷன் காலத்துத் தொடர்கள் பெரும்பாலும் வாரம் ஒருமுறை வருபவை. 13 வாரம் என்பது வழக்கமான அளவு. 13 பகுதிகளுக்குள் ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும் என்கிறபோது, ஒவ்வொரு பகுதிக்கும் முன்கூட்டியே ஒரு வேலை ஒதுக்கப்பட்டுவிடுகிறது. 1986-இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய, சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' தொடரில் பல பகுதிகள் தனித்தனிச் சிறுகதைகளாகவே நிற்கும். முந்தின வாரம் பார்க்காதவருக்கும் அவற்றில் இழப்பு ஏதும் இல்லை.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்த பிறகு இந்தக் கணக்கு மாறத் தொடங்கியது. 1999-இல் 'சித்தி' வந்து, வார நாள்களில் நாள்தோறும் ஒரு பகுதி என்கிற பழக்கத்தைத் தமிழ் வீடுகளில் உறுதிப்படுத்தியது. 2002-இல் தொடங்கிய 'மெட்டி ஒலி' 800 பகுதிகளைத் தாண்டியது. 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1533 பகுதிகளில் முடிந்தது. 13 பகுதிகளுக்குத் திட்டமிடுவதும் 1500 பகுதிகளுக்குத் திட்டமிடுவதும் ஒரே தொழில் என்று சொல்லவே முடியாது. பின்னதில் முடிவு எங்கே என்பது தொடங்கும்போது எழுதுபவருக்கே தெரிந்திருக்காது.

ஒரு பகுதியின் உண்மையான நீளத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் வணிக விளம்பரம் 10 நிமிடமும், சேனலின் சொந்த அறிவிப்புகள் 2 நிமிடமும்தான் வரலாம். அரை மணிக்கு 6 நிமிடம் போக 24 நிமிடம் மிச்சம். அதில் தலைப்புப் பாடல், 'முன்கதை', நாளைய முன்னோட்டம் ஆகியவை போனால் கையில் இருப்பது ஏறக்குறைய 20 நிமிடம். இந்த 20 நிமிடத்தையும் விளம்பர இடைவேளைகள் துண்டு போடுகின்றன. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் பார்ப்பவரை இருக்கையில் இருத்தும்படி ஏதாவது ஒரு கொக்கி வேண்டும். ஆகவே விளம்பரத்துக்கு முன்னால் வருகிற அதிர்ச்சியை, அது கதைக்குத் தேவைப்பட்ட அதிர்ச்சியா, இடைவேளைக்குத் தேவைப்பட்ட அதிர்ச்சியா என்று பிரித்துப் பார்ப்பது விமர்சகரின் முதல் வேலை. மாடிப்படியில் காலடி ஓசை கேட்டு எல்லோரும் திரும்புகிறார்கள், காட்சி உறைகிறது, விளம்பரம் முடிந்து வந்தால் பால்காரர் நிற்கிறார் என்றால், அது இரண்டாவது வகை.

எழுதுகிற முறையும் நாம் திரைப்படத்தில் பார்ப்பதைப் போன்றது அன்று. பல நெடுந்தொடர்களின் தலைப்பில் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் மற்றொருவர் என்று பெயர்கள் வருவதைப் பார்க்கலாம். நடிகர்களின் கால்ஷீட்டைப் பொறுத்துக் காட்சிகள் முன்னும் பின்னுமாகப் படமாகின்றன. ஒரே கூடத்தில், ஒரே நாளில், நான்கைந்து பகுதிகளுக்கு உரிய கூடக் காட்சிகளை எடுத்துவிடுவதும் உண்டு. ஒளிபரப்புக்கு முன் கையிருப்பில் எத்தனை பகுதிகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து அவசரம் கூடும், குறையும். கதாபாத்திரம் ஒன்று மூன்று நாளாகச் சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை என்றால், அதற்குப் பின்னால் உளவியல் காரணம் தேடுவதற்கு முன் கால்ஷீட் காரணத்தையும் நினைத்துப் பார்ப்பது நல்லது.

இவற்றுக்கு மேல் வாராந்தரப் பார்வையாளர் கணக்கு இருக்கிறது. 2015 முதல் பார்க் (BARC) அமைப்பு தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி பொருத்தி எடுக்கும் அந்தக் கணக்கில் ஒரு சண்டை நன்றாக எடுபட்டால், அந்தச் சண்டை நீளும். எடுபடாத கிளைக்கதை சொல்லாமல் கொள்ளாமல் மறையும். திரைப்படத்தில் இப்படி இல்லை. படம் வெளியான பிறகு அதன் இரண்டாம் பாதியைத் திருத்தி எழுத முடியாது. நெடுந்தொடரோ பார்வையாளரின் எதிர்வினையைத் தின்று வளர்கிறது. அதனால்தான் ஒரு தொடரை முழுதாக நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 300-வது பகுதியை எழுதியவரும் 900-வது பகுதியை எழுதியவரும் வேறு ஆள்களாக இருக்கக்கூடும். நடிகரே மாறி, 'இவருக்குப் பதில் இவர்' என்ற ஒற்றை வரி அட்டையோடு கதை தொடர்ந்திருக்கவும் கூடும். 2023 செப்டம்பரில் நடிகர் மாரிமுத்து காலமானபோது, 'எதிர்நீச்சல்' தொடரில் அவர் ஏற்றிருந்த ஆதி குணசேகரன் பாத்திரத்தை வேல ராமமூர்த்தி தொடர்ந்தார். பாத்திரத்தின் பெயரும் வீடும் உறவுகளும் அப்படியே இருக்க, அதன் குரலும் உடல்மொழியும் முற்றிலும் வேறாகிவிட்டன. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளை ஒரே தராசில் நிறுப்பது எப்படிச் சரியாகும்? தனிப் பகுதியை எடுத்துப் பேசுவதே நேர்மை.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். எந்தத் தொடரிலும் வராத, விளக்கத்துக்காக மட்டும் கட்டிய ஒரு பகுதி இது. பல்லடம் பக்கத்தில் எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு நெய்கிற ஒரு குடும்பம். ஜவுளிக்காரரிடமிருந்து பாவு (தறியில் நீளவாட்டில் ஏற்றும் நூல்) வாங்கி நெய்து கொடுத்து, மீட்டர் கணக்கில் கூலி வாங்குவது தொழில். கூலி கட்டுப்படியாகவில்லை, மின்கட்டணம் ஏறிவிட்டது. மூத்த மகன், அப்பாவுக்குத் தெரியாமல் தறிகளை உடைத்து எடைக்குப் போட ஆள் பேசி முன்பணமும் வாங்கிவிட்டான். கட்டிக்கொடுத்த மகள் அன்றைக்கு ஒரம்பரையாக, அதாவது விருந்தாளியாக, வீட்டுக்கு வருகிறாள். இவ்வளவுதான் கையில் இருக்கும் சரக்கு.

இதை வழக்கமான முறையில் எடுத்தால் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் மூன்று நிமிடம் முன்பணம் வாங்கிய காட்சி மறுபடி வரும். மகள் வாசலில் இறங்குவதை வீட்டில் உள்ள ஐந்து பேரும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். ஒவ்வொருவர் முகத்துக்கும் ஒரு நெருக்கக் காட்சி, அதற்கொரு பின்னணி ஓசை. மருமகள் சமையலறையில் தனியாக நின்று, மனத்தில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்வாள். மகன் தொலைபேசியில் பேசுவதைத் தங்கை கதவோரம் நின்று கேட்பாள். "அண்ணா, அப்பாவுக்கு மட்டும் இது தெரிஞ்சா..." என்று அவள் தொடங்கும்போது பின்னால் அப்பா நிற்பார். காட்சி உறையும், தொடரும். மறுநாள் பார்த்தால் அப்பாவின் காதில் எதுவுமே விழுந்திருக்காது. இருபது நிமிடத்தில் தங்கைக்கு ஒரு சேதி தெரிந்தது என்பதைத் தவிர ஒன்றும் மாறவில்லை. அதற்கும் கதவோரம் ஒட்டுக்கேட்பது என்கிற அரதப் பழைய வழிதான் கிடைத்திருக்கிறது.

அதே சரக்கை வேறு விதமாகவும் எழுதலாம். ஓடும் தறிகளுக்கு நடுவே மனிதர் பேசிக்கொள்ள முடியாது. காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும், இல்லையென்றால் கைச்சாடை. அந்த ஊரில் பிறந்தவர் எழுதினால், தறிகள் ஓடுகிற குடோனுக்குள் இரகசியம் பேசுகிற காட்சியையே எழுத மாட்டார். பகுதி தொடங்கும்போது எட்டுத் தறியும் ஓடுகிற ஓசை வீட்டுத் திண்ணை வரை கேட்கிறது. மகள் வருகிறாள், காபி குடிக்கிறாள், குழந்தைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. நடுவில் ஓசை கொஞ்சம் குறைகிறது. பெரியவர் பேச்சை நிறுத்திக் காது கொடுக்கிறார். மின்சாரம் போயிருந்தால் எல்லாத் தறியும் ஒன்றாக நின்றிருக்கும். ஒன்று மட்டும் நின்றிருக்கிறது. பாவு தீர்ந்திருக்கும் என்று மகன் சொல்கிறான். நேற்றுத்தான் அந்தத் தறிக்குப் புதுப் பாவு பிணைத்தது பெரியவருக்குத் தெரியும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "சாப்புட்டுட்டுப் போலாம் சாமி" என்று மகளிடம் சொல்லிவிட்டு எழுந்து போகிறார். இரவு அவர் தனியாகக் குடோனுக்குப் போய், நின்ற தறியின் நாடாவை, குறுக்கு நூலோடு ஓடும் அந்தக் கட்டையை, கழற்றித் துடைத்து மடியில் வைத்துக்கொள்கிறார். மகனுக்குத் தெரியாமல் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்பதை மகள் பார்த்துவிடுகிறாள்.

இரண்டிலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டாவதில் யாருக்கு என்ன தெரியும் என்கிற நிலை மூன்று பேரிடையே மாறிவிட்டது. அந்த மாற்றம் தறியோசையின் வழியாக, அந்த வீட்டுக்கே உரிய ஒரு பொருளின் வழியாக நடந்தது. செலவும் கூடவில்லை. ஒரு பகுதியை விமர்சிப்பவர் எழுத வேண்டியது இதைத்தான்: தொடக்கத்தில் இந்த மனிதர்கள் ஒருவருக்கொருவர் எந்த நிலையில் இருந்தார்கள், முடிவில் எந்த நிலைக்கு வந்தார்கள், எந்தக் காட்சி அவர்களை அங்கே கொண்டுவந்தது, எந்தக் காட்சி வெறுமனே நேரத்தைத் தின்றது. கதைச் சுருக்கம் இதற்குள் தானாக வந்துவிடும். இரண்டு பத்திக்கு மேல் தனியாக அதற்கு இடம் ஒதுக்கத் தேவையே இல்லை.

ஒன்றுமே நடக்காததுபோலத் தோன்றும் பகுதிகளும் சிறந்தவையாக இருக்கலாம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்க நகைச்சுவைத் தொடரான 'சைன்ஃபெல்ட்'டில் 1991-இல் வந்த 'தி சைனீஸ் ரெஸ்டாரண்ட்' என்ற பகுதியில் மூன்று நண்பர்கள் ஓர் உணவகத்தில் மேசைக்காகக் காத்திருக்கிறார்கள். பகுதி முழுவதும் அந்தக் காத்திருப்புதான். ஒளிபரப்பிய நிறுவனத்தின் மேலிடத்தாருக்கு அது பிடிக்கவில்லை. இன்று அந்தத் தொடரைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் எடுக்கிற பகுதிகளில் அது ஒன்று. 2010-இல் வந்த 'பிரேக்கிங் பேட்' தொடரின் 'ஃப்ளை' பகுதி, ஏறக்குறைய முழுவதும் ஓர் ஆய்வகத்துக்குள் இரண்டு பேரும் ஓர் ஈயும் என்ற அளவில் நடக்கிறது. செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயத்தில் பிறந்த பகுதி அது. இயக்கியவர் ரயன் ஜான்சன். கதை ஓர் அடிகூட நகரவில்லை என்று வெறுப்பவர்களும், இரண்டு மனிதர்களின் உறவு அந்த ஒரு நாளில்தான் முழுமையாகப் புலப்பட்டது என்று கொண்டாடுகிறவர்களும் இன்னமும் சண்டை போடுகிறார்கள். நான் இரண்டாவது கட்சி. முறைத்துக்கொண்டு நிற்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, இங்கே சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லிவிடும் விளிம்புக்கு ஒருவன் வந்து வந்து திரும்புகிறான் என்பதில் இருக்கிறது. நிகழ்ச்சி குறைவு, மாற்றம் குறைவில்லை.

நம்மிடமும் தனியே பேசத்தக்க பகுதிகள் உண்டு. திருமுருகன் இயக்கிய 'நாதஸ்வரம்' தொடரின் 1000-வது பகுதி, 2014 மார்ச் 5 அன்று, காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரே தொடர் காட்சியாக நேரலையில் ஒளிபரப்பானது. 23 நிமிடத்துக்கும் மேல். கின்னஸ் சாதனை என்று அது கொண்டாடப்பட்டது. சாதனைச் செய்தி எல்லா இடத்திலும் வந்ததே தவிர, அந்தப் பகுதியைப் பகுதியாக எடுத்து அலசிய எழுத்து என் கண்ணில் அதிகம் படவில்லை. வெட்டு இல்லை என்றால் முறைக்கும் முகங்களுக்குத் தாவ முடியாது, எதிர்வினையை மும்முறை திருப்பிக் காட்ட முடியாது. நடிகர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நடந்துதான் போக வேண்டும். நெடுந்தொடரின் வழக்கமான ஊன்றுகோல்கள் எல்லாம் பிடுங்கப்பட்ட நிலையில் அந்தக் கதையும் நடிகர்களும் எப்படி நின்றார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இணையத் தொடர்கள் வந்த பிறகு இன்னொரு சிக்கல் சேர்ந்தது. எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில் வெளியாகின்றன. ஒரே மூச்சில் பார்த்து முடித்தவருக்கு, எது மூன்றாம் பகுதி, எது நான்காம் பகுதி என்பதே நினைவில் தங்குவதில்லை. 2022-இல் புஷ்கர், காயத்ரி எழுத்தில் வந்த 'சுழல்' எட்டுப் பகுதிகள் கொண்டது. முதல் நான்கை பிரம்மாவும் அடுத்த நான்கை அனுசரணும் இயக்கினார்கள். மொத்தமாக எழுதப்பட்ட மதிப்புரைகளில் இந்த இரு கைகளின் வேறுபாடு பெரும்பாலும் கரைந்துபோயிற்று. மலைப்பகுதிக் கற்பனை ஊர் ஒன்றில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நாள்களோடு குற்றப் புலனாய்வும் நகர்கிற அமைப்பு அதில் உண்டு. ஆனைமலை மாசாணியம்மன் குண்டத் திருவிழாவில் ஆழியாற்றங்கரையின் நள்ளிரவு மயான பூஜையைப் பார்த்த கொங்குப் பார்வையாளருக்கு, எந்தப் பகுதியில் திருவிழா கதையோடு பிணைந்திருக்கிறது, எந்தப் பகுதியில் வண்ணப் பின்னணியாக மட்டும் வந்துபோகிறது என்று சொல்லும் தகுதி இயல்பாகவே இருக்கிறது. 2023-இல் வந்த 'அயலி'யில், பூப்பெய்தியதை ஊருக்கு மறைத்துப் படிப்பைத் தொடரும் சிறுமியின் கதை, எட்டுப் பகுதிகளிலும் மறைத்தது வெளிப்பட்டுவிடுமோ என்கிற ஒரே அச்சத்தைத்தான் நூலாகப் பிடித்துப் போகிறது. ஒரே அச்சத்தை எட்டு முறை காட்டினால் அலுப்புத் தட்டும். ஒவ்வொரு பகுதியிலும் அது வேறு திசையிலிருந்து வருகிறதா என்பது அங்கே நல்ல கேள்வி.

கொங்கு நாட்டிலிருந்து எழுதுகிறவர் தவற விடக்கூடாத ஒன்று மண்ணும் பேச்சும். ஒரு காலத்தில் கோவையிலேயே படங்கள் உருவாயின. சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் இங்கே இருந்தன. 1954-இல் வந்த 'மலைக்கள்ளன்' பட்சிராஜாவின் படம். பிறகு தொழில் முழுக்கச் சென்னைக்குப் போனது. தொலைக்காட்சித் தொடர் பிறந்ததே சென்னையில்தான். கோபிச்செட்டிபாளையமும் பொள்ளாச்சியும் படக்குழுக்களுக்கு வயலும் வாய்க்காலும் தென்னந்தோப்புமாகப் பயன்பட்டன. விளைவு, திரையில் வரும் கொங்கு பெரும்பாலும் ஒரே அச்சு: வெள்ளை வேட்டி, பெரிய வீடு, மீசை, ஊர் நியாயம், வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஏனுங்'.

இந்த 'ஏனுங்' தூவலைத்தான் விமர்சகர் முதலில் பிடிக்க வேண்டும். மரியாதை விகுதி கொங்கில் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வருவதில்லை. மாமனாரிடம் "சாப்புட வாங்க மாமா" என்கிற மருமகள், தன் குழந்தையை "இங்க வா சாமி" என்பாள். அப்பாவைப் பெற்றவர் அப்பாரு, அம்மாவைப் பெற்றவர் அப்புச்சி, அம்மாவின் அம்மா அமுச்சி. ஒரு பகுதியில் தாத்தாவை அப்பாரு என்று அழைத்த குழந்தை அடுத்த பகுதியில் 'தாத்தா' என்று அழைத்தால், வசனம் எழுதியவர் மாறிவிட்டார் என்றோ, படப்பிடிப்பில் திருத்த ஆளில்லை என்றோ ஊகிக்கலாம். திருப்பூரில் நடப்பதாகச் சொல்லும் பகுதியில் எல்லோருமே கொங்குத் தமிழ் பேசினால் அதுவும் பொய்தான். பனியன் கம்பெனியின் ஒரே வரிசையில் தேனிக்காரரும் திருநெல்வேலிக்காரரும் ஒடிசா, பீகார் தொழிலாளரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கோவை நகரில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். யார் பேசுகிறார்கள் என்பதோடு யார் பேசவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தோட்டத்துக் காட்சியில் பண்ணையம் பார்ப்பவருக்கு நாலு பக்க வசனமும், வேலை செய்பவருக்கு "சரிங்க எசமான்" என்ற ஒரு வரியும் என்றால், அது இந்த மண்ணின் சாதிக் கணக்கைக் கேள்வி கேட்காமல் திருப்பி எழுதுவது. ஒரு பகுதியின் தரத்தைப் பற்றிய பேச்சில் இதுவும் அடங்கும்.

திருமணப் பகுதிகளில் இந்தக் குறை இன்னும் பளிச்சென்று தெரியும். நெடுந்தொடர்த் திருமணம் என்றால் மணமேடை, ஹோமப் புகை, தாலி கட்டும் நேரத்தில் "நிறுத்துங்க!" என்று ஒரு குரல், இது பத்து நாள் ஓடும். கொங்கு வேளாளர் திருமணமாகக் காட்டுகிற கதையிலும் இதே மேடைதான் வருகிறது. ஆனால் அந்தச் சமூகத்தின் மரபான திருமணத்தில் சீர்களை நடத்திவைப்பவர் அருமைக்காரர். நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடுவார். மணமகனுக்கு அவனுடைய சகோதரி செய்யும் இணைச்சீர் என்கிற சடங்கு உண்டு. பேச்சுவார்த்தை அறுந்துபோன ஓர் அக்கா இணைச்சீருக்கு வருவாளா, மாட்டாளா, வராவிட்டால் அந்த இடத்தில் எந்தப் பங்காளி வீட்டுப் பெண் நிற்பாள் என்பதை வைத்தே ஒரு முழுப் பகுதியை இறுக்கமாக எழுதலாம். 'நிறுத்துங்க' குரலே தேவைப்படாது. இருக்கிற சடங்கை விட்டுவிட்டு இல்லாத அதிர்ச்சியைத் தேடுவதை, சடங்கு விவரம் பிசகிவிட்டது என்ற குறையாக மட்டும் எழுதாமல், நாடகம் தவறவிட்ட வாய்ப்பாகவே விமர்சகர் எழுதலாம்.

நகைச்சுவைப் பகுதிகளுக்குச் சட்டம் வேறு. நாடகத்தில் மாற்றம் தங்க வேண்டும். நகைச்சுவையில் எல்லாம் குலைந்து, கடைசியில் பழைய இடத்துக்கே திரும்பினாலும் குற்றமில்லை. குலைவின் படிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றனவா என்பதுதான் அங்கே சோதனை. பிரிட்டனின் 'ஃபால்ட்டி டவர்ஸ்' 1975-இல் 6, 1979-இல் 6 என மொத்தம் 12 பகுதிகளே. ஜான் கிளீஸும் கோனி பூத்தும் எழுதிய அந்தப் பன்னிரண்டில், ஒரு சிறு பொய்யை மறைக்க அடுத்த பொய், அதை மறைக்க இன்னொன்று என்று ஏறிப் போகும் கணக்கில் ஒரு படியை உருவினாலும் மேலே உள்ளவை சரிந்துவிடும். தமிழில் நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'யின் நல்ல பகுதிகளில், கணவன் மனைவிக்கிடையே எழும் அற்பமான ஒரு பிணக்கு இப்படிப் படிப்படியாக வளர்வதைப் பார்க்கலாம். இப்போதைய நகைச்சுவைத் தொடர்களிலும் குறு நகைச்சுவைகளிலும் பெரும்பாலும் படிகள் இல்லை. தனித்தனித் துணுக்குகள் அடுத்தடுத்து வருகின்றன. துணுக்கு நன்றாக இருக்கலாம். அது பகுதி ஆகாது.

கோவைக் குசும்பு என்று ஊரே அறிந்த ஒன்று திரையில் தோற்பதற்கும் காரணம் உண்டு. குசும்பின் உயிர் அதன் அமைதியில் இருக்கிறது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், மரியாதை குறையாமல், "நீங்க பெரிய ஆளுங்க, உங்குளுக்குத் தெரியாததுங்களா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கேட்டவருக்கு நாலு எட்டு நடந்த பிறகுதான் சுருக்கென்று உறைக்கும். இதைத் திரையில் சொன்ன மறுவினாடி பதிவு செய்த சிரிப்பொலியைப் போட்டு, 'டொய்ங்' என்று ஒரு ஓசையும் சேர்த்து, கேட்டவர் முகத்துக்குக் கேமராவைக் கொண்டுபோனால், உறைப்பதற்கான அந்த நாலு எட்டு காணாமல் போகிறது. ஆகவே ஒரு நகைச்சுவைப் பகுதி பிடிக்கவில்லை என்றால், ஓசையை அணைத்துவிட்டு ஒருமுறை, வசனத்தை மட்டும் எழுதிப் படித்து ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். எழுத்து சரியாக இருந்து தொகுப்பு கெடுத்த பகுதிகள் நாம் நினைப்பதைவிட அதிகம். அப்படிப்பட்ட இடத்தில் பழியை எழுதியவர் தலையில் போடுவது அநியாயம்.

பார்க்கும் விதமும் இப்போது மாறியிருக்கிறது. திருப்பூரில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் நாடகத்தை ஒளிபரப்பு நேரத்தில் பார்ப்பது அரிது. சாப்பாட்டு இடைவேளையில் பாதி, பேருந்தில் மீதி என்று கைபேசியில் பார்க்கிறார்கள். முன்கதையைத் தள்ளிவிடுகிறார்கள், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள். வீட்டுக் கூடத்தில், இட்லி மாவு ஆட்டிக்கொண்டே காதால் மட்டும் நாடகம் 'பார்க்கிறவருக்கு' அந்த மும்முறை எதிர்வினைக் காட்சியும் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லும் வசனமும் உண்மையிலேயே பயன்படுகின்றன. அடுப்பை விட்டுத் திரும்பாமலே கதை தெரிந்துவிடும். அதே உத்திகள் கைபேசியில் தனியாகப் பார்ப்பவருக்கு எரிச்சல் ஊட்டுகின்றன. ஒரு பகுதி இழுக்கிறது என்று எழுதும் முன், அது யாருடைய பார்வைக்காகக் கட்டப்பட்டது, நாம் எந்த வேகத்தில், எத்தனை துண்டாக அதைப் பார்த்தோம் என்பதை விமர்சகர் ஒரு வரியில் குறிப்பிட்டுவிடலாம். ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்துவிட்டு, நடிகர் மௌனத்தைச் சரியாகக் கையாளவில்லை என்று எழுதுகிற மதிப்புரைகள் ஏற்கெனவே வரத் தொடங்கிவிட்டன.